அடாரியின் ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ (1979): விலை பேசுமுன் விளக்கை அணையுங்கள்

விண்வெளியில் மிதந்துவரும் பாறைகளைக் கப்பலிலிருந்து சுட்டு உடைக்கும் ஆட்டத்துக்காக அடாரி நிறுவனம் 1979 நவம்பரில் வெளியிட்ட ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ ஆர்கேட் (காசு போட்டு ஆடும்) இயந்திரம் ஒன்று விலைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டு, நியூ ஜெர்சியில் அதை வைத்திருந்த ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்குக் கடந்த மாதம் போயிருந்தேன். பேஸ்மென்ட்டில் சுவரோரமாக ஆளுயரத்துக்கு நின்ற அந்தப் பெட்டியின் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் அவர் அறையின் விளக்குகளை எல்லாம் அணைத்தார். பலகையின் கீறல்களை மறைக்கும் உத்தியோ என்று முதலில் ஐயுற்றேன். படக்குழாய் சூடேறிப் படம் எழுந்ததும் அந்த ஐயம் போய்விட்டது.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் எலக்ட்ரான் கற்றை, படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திரை முழுவதையும் மேலிருந்து கீழாக வரிவரியாக உழுதுகொண்டே இருக்கும். இந்த இயந்திரத்தின் 19 அங்குல கறுப்பு வெள்ளை வெக்டர் திரையில் கற்றை அப்படி அலைவதில்லை. பாறையின் விளிம்பு எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் மட்டும், கோலம் போடும் விரல்கள் இழை இழுப்பதைப்போல, கோட்டை நேரடியாக வரைந்துவிட்டு அடுத்த உருவத்துக்குத் தாவுகிறது. 6502 என்ற கணிப்பொறிச் சில்லு எதை எங்கே வரைய வேண்டுமென்று முடிவுசெய்ய, தனியாக அமைந்த ஒரு மின்சுற்று அந்தக் கோடுகளை வரைகிறது. அதனால் சாய்ந்த கோடுகளில் படிக்கட்டுப் பற்கள் இல்லை. கோடில்லாத இடம் சாம்பல் பூசாத முழு இருட்டு. கப்பலிலிருந்து புறப்படும் குண்டோ, கற்றை ஒரே புள்ளியில் தங்கி அடிப்பதால், கம்பி மத்தாப்பின் பொறிபோல் கண்ணைக் கூசவைக்கிறது. இதை ஒளிப்படமும் காணொளியும் காட்டுவதில்லை. நானும் அன்றுவரை காணொளிகளைப் பார்த்தே இந்த ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

லைல் ரெயின்ஸ் கருவைச் சொல்ல, எட் லாக் நிரல் எழுதிய ஆட்டம் இது. ஜாய்ஸ்டிக் கிடையாது, இடம் திரும்ப, வலம் திரும்ப, முன்னே உந்த, சுட, ஹைப்பர்ஸ்பேஸுக்குள் மறைய (மறைந்து திரையின் வேறோர் இடத்தில் தோன்ற) என ஐந்தே பொத்தான்கள். உந்திவிட்ட கப்பல் கையை எடுத்த பிறகும் சிறிது நேரம் வழுக்கிக்கொண்டே போய்த்தான் நிற்கும். சட்டென்று நிறுத்த வேண்டுமென்றால் திருப்பி எதிர்த்திசையில் உந்த வேண்டும். வலது விளிம்பில் மறைந்தால் இடது விளிம்பில் வெளிப்படலாம். பெரிய பாறைக்கு 20 புள்ளி, உடைந்த நடுத்தரத் துண்டுக்கு 50, சிறியதற்கு 100. அவ்வப்போது குறுக்கே வரும் சிறிய பறக்கும் தட்டுக்கு மட்டும் 1,000. இரண்டே சுரங்களில் நெஞ்சுத் துடிப்பாகத் தொடங்கி வேகம் கூடும் அந்த ஓசைக்கென்று ஒலிச்சில்லு ஏதுமில்லை. ஹோவர்ட் டெல்மன் அதைத் தனிச் சுற்றுகளால் அமைத்தார். பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து அது உடம்பில் வந்து அதிர்கிறது.

ஆட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஒரேயொரு பாறையை உடைக்காமல் விட்டுவைத்து, சிறிய தட்டுக்காகப் பதுங்கிக் காத்திருந்து சுட்டால் புள்ளிகள் குவியும். 10,000 புள்ளிக்கு ஒரு கப்பல் வீதம் இலவசமாகவும் சேரும். 1982இல் ஸ்காட் சாஃப்ரன் எடுத்த 41,336,440 புள்ளிகளை 2010இல்தான் ஜான் மெக்காலிஸ்டர் தாண்டினார். திரையில் ஐந்து இலக்கங்களுக்கே இடம் இருப்பதால் 99,990க்குப் பிறகு எண்ணிக்கை மறுபடி சுழியிலிருந்து தொடங்கும் என்பதை நினைத்தால் அந்த உழைப்பின் அளவு விளங்கும். கப்பல்கள் ஐம்பது, நூறு என்று சேர்ந்துவிட்டால், அத்தனையையும் கோடுகளாக வரைய வேண்டியிருப்பதால் ஆட்டமே மந்தமாகிறது. 1981இல் வந்த ‘ஆஸ்டிராய்ட்ஸ் டீலக்ஸ்’ இந்தப் பதுங்கல் எளிதில் பலிக்காதபடி திருத்தப்பட்டது. ஆனால் எனக்கு முதல் வடிவமே பிடிக்கிறது.

எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றதால் இது அரிய பொருள் அல்ல. நல்ல திரையோடு கிடைப்பதுதான் அரிது. இந்த வகை வெக்டர் மானிட்டர்களை இன்று யாரும் உற்பத்தி செய்வதில்லை. ஆகவே பக்கவாட்டு ஓவியம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மயங்காமல், முதலில் இயந்திரத்தை அணைக்கச் சொல்லி, கைவிளக்கின் ஒளியில் கண்ணாடியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்த எழுத்துகள் திரையின் உட்புறத்தில் ஒளிரும் பாஸ்பர் பூச்சில் தழும்பாகத் தெரியலாம். அடுத்து, கற்றையை இழுக்கும் டிரான்சிஸ்டர்களும் மின்வழங்கியில் ‘பிக் புளூ’ என்று சேகரிப்பாளர்கள் செல்லமாக அழைக்கும் பெரிய நீலக் கண்டென்சரும் மாற்றப்பட்டவையா என்று கேளுங்கள். சர்க்யூட் போர்டின் விளிம்பில் செருகும் இணைப்பி சூட்டில் கருகியிருந்தால், படம் இன்று நன்றாக இருந்தாலும் நாளைக்கு நம்ப முடியாது. இவற்றைப் பார்க்கும் சாக்கில் நீங்களே பின்கதவைத் திறந்து கைவைக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எல்சிடி திரையோடு முக்கால் உயரத்தில் புதிதாக விற்கப்படும் நகல் இயந்திரத்தையும் ஒரு நண்பர் வீட்டில் ஆடியிருக்கிறேன். இடத்தை அடைப்பதில்லை, பழுதும் குறைவு, குழந்தைகள் பயமின்றித் தொடலாம். ஆட்டம் மட்டும் போதுமென்பவர்களுக்கு அதுவே சரி. ஆனால் அதில் குண்டும் பாறையும் ஒரே வெண்மைதான்.

நான் பார்த்த பெட்டியில் இரண்டாம் ஆட்டக்காரரின் தொடக்கப் பொத்தானுக்குள் இருக்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை. அடிப்பலகை ஈரத்தில் உப்பியிருந்தது. காசுப் பெட்டியின் கதவுக்குச் சாவி இல்லை. கண்ணாடியில் தழும்பு மிக இலேசாகவே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடி, அன்றைய அதிகப் புள்ளிக்கு என் பெயரின் மூன்று எழுத்துகளைப் பதித்துவிட்டு, முன்பணம் கொடுத்தேன். அவர் சுவிட்சை அணைத்ததும் அந்த எழுத்துகள் போய்விட்டன. இந்த இயந்திரத்தில் பட்டியலைச் சேமிக்கும் வசதி கிடையாது. அடுத்த சனிக்கிழமை, நிமிர்த்தியே ஏற்றிவர உயரமான வேன் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.