பழைய சுவருக்கு எந்தப் பூச்சு: சிமெண்டா, சுண்ணாம்பா?

பழைய வீட்டை அதன் களை கெடாமல் புதுப்பிக்க நினைப்பவர்கள் கதவு, தூண், தரை பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். சுவர்ப் பூச்சைக் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறார்கள். வம்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். அதற்கு முந்தைய செங்கல், கல் வீடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியவை. அவற்றில் ஈரத்தடுப்பு அடுக்கு பொதுவாக இருக்காது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், பூச்சு வழியே காற்றில் உலர்ந்துவிடும்.

சிமெண்ட் பூச்சு சீக்கிரம் இறுகும், கலவை விகிதம் எந்தக் கொத்தனாருக்கும் அத்துப்படி. புதுச் சுவருக்குச் சரி. பழைய சுவரிலோ அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஓதம் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உரித்துவிடும். பழைய சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் பூசிய இடத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: சிமெண்ட் கோடு அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும், செங்கல் மட்டும் குழிந்து பொடியாய் உதிரும். கலவை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். கலவை தேய்ந்தால் மறுபடி பூசலாம். நூறு வருடச் செங்கல்லுக்கு எங்கே போவது?

சுண்ணாம்பு ஈரத்தை விடும், சுவர் லேசாக அசைந்தால் அதுவும் கொஞ்சம் இசைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல்களில் கரைந்து மீண்டும் படிந்து தானே மூடிக்கொள்வதும் உண்டு. ஆனால் பொறுமையைச் சோதிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகுகிறது என்பதால் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும், வெயிலும் உறைபனியும் படாமல் வாரக்கணக்கில் காக்க வேண்டும். பழகிய கை கிடைப்பதும் கஷ்டம். அவசரமானால், தண்ணீரிலும் இறுகும் இயற்கை நீரியல் சுண்ணாம்பு இருக்கிறது. 2, 3.5, 5 என்று மூன்று தரம். எண் பெரிதாக இருக்கிறதே என்று 5ஐ வாங்கிவிடாதீர்கள், மென்மையான செங்கல்லுக்கு அது கெட்டி. எதைப் பூசினாலும் மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பாடெல்லாம் வீண். வெள்ளையடித்தால் போதும்.

பூச்சையே உரித்துச் செங்கல்லைக் காட்டும் மோகம் வேறு. பூச்சுக்குள் இருக்கட்டும் என்று வைத்த செங்கல் பெரும்பாலும் மழை தாங்காது. வெளிச்சுவரில் வேண்டவே வேண்டாம்.

என் ஓட்டு சுண்ணாம்புக்குத்தான். புதிதாகச் சேர்த்துக் கட்டும் அறைக்குச் சிமெண்ட் இருந்துவிட்டுப் போகட்டும். ஏற்கெனவே யாரோ சிமெண்ட் பூசிவிட்டார்களா? உடனே உளியை எடுக்காதீர்கள். தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை மட்டும் கழற்றுங்கள். இறுகப் பிடித்த இடத்தில் ஓதமோ உப்போ தெரியாதவரை கைவைக்க வேண்டாம், பெயர்த்தால் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும்.