"புகை விடட்டுமா சார்?" – 14,500 ரூபாய்க்கு நான் கற்றுக்கொண்டது

சென்னையில் தெருவில் தானாக நடப்பதைப் படம் பிடிக்கக் கேமராவோடு அலைகிற யாரிடமாவது "இங்கே ஸ்ட்ரீட் போட்டோகிராபியில் யார் பெரிய ஆள்?" என்று கேட்டால் வரும் முதல் இரண்டு மூன்று பெயர்களில் எனக்கு வகுப்பு எடுத்தவர் பெயரும் இருக்கும். அதை இங்கே எழுதப்போவதில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் போடுகிற வசதி எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் என்று விளம்பரம் பார்த்ததும் பணம் கட்டிவிடும் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு நாள் வகுப்பு, 14,500 ரூபாய், "எட்டுப் பேர் மட்டும்". முதல் நாள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நேரடிப் பயிற்சி, மறுநாள் நம் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வார். முழுப் பணத்தையும் ஜிபே பண்ணினேன். பணம் போன பிறகுதான் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். எண்ணிப் பார்த்தேன். என்னோடு சேர்த்து 23 பேர்.

காலை ஐந்தரைக்கு வரச்சொன்னார்கள். வந்தோம். விசைப்படகுகள் கரை சேர்ந்துகொண்டிருந்தன, வஞ்சிரமும் சங்கராவும் தரையில் குவிந்து ஏலக் குரல்கள் ஏறிக்கொண்டிருந்தன, ஐஸ் உடைக்கிற சத்தம் வேறு. பார்க்கிற பக்கமெல்லாம் படம். ஆனால் அவருடைய உதவியாளர், "சார் வர்ற வரைக்கும் யாரும் எடுக்காதீங்க, பழக்கம் கெட்டுடும்" என்று எங்களை ஓரமாக நிற்க வைத்தார். சார் வந்தது 6.40-க்கு. அதற்குள் ஏலத்தின் சூடு தணிந்திருந்தது.

வந்தவர் எங்களை நேரே நீல நைலான் வலைக்குவியல் ஒன்றிடம் அழைத்துப் போனார். அதன்மேல் வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட லுங்கியோடு ஒரு பெரியவர். கிழக்கே வெயில் ஏறியிருந்தது. "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, பேக்லைட்" என்றார் உதவியாளர். நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "புகை விடட்டுமா சார்?"

ஒன்பது முறை விட்டார். எண்ணினேன். "தாத்தா, கேமராவைப் பார்க்காதீங்க, கடலைப் பாருங்க" என்று நடுநடுவே குறிப்பு. 23 கேமராவும் ஒரே தாத்தாவை, ஒரே புகையை.

அடுத்து ஒரு பையன். தேங்கிய தண்ணீரை அவன் நான்கு தடவை தாண்டினான். நான்காவது தாண்டலில் வழுக்கி விழப் பார்த்தான். அந்த இடைவெளியில் சார் எங்களுக்குப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் பற்றிப் பாடம் எடுத்தார்: 1932-இல் பாரிஸில் செயின்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் தண்ணீரைத் தாண்டும் அந்தப் படம், ஒரே ஒரு கணம், போனால் வராது. போனால் வராத கணத்தைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உதவியாளர் பையனிடம் "இன்னொரு வாட்டி தம்பி" என்றார்.

அன்று சாயங்காலம் தாத்தா படம் அவர் இன்ஸ்டாவில் ஏறியது. கேப்ஷன்: "இந்த ஒரு நொடிக்காக மூன்று விடியல் காத்திருந்தேன்."

மறுநாள் ஜூமில் என் முறை வந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "லைட் நல்லா இருக்கு, நிறைய எடுங்க" என்றார். நான் கேப்ஷனைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, "துவானோவே செட்டப் பண்ணித்தான் எடுத்தாரு, தெரியுமா?" என்றார்.

தெரியும். பாரிஸ் நகர மண்டபத்தின் முன்னால் ஒரு ஜோடி முத்தமிடும் படம், 1950-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ராபர்ட் துவானோ அமெரிக்க லைஃப் பத்திரிகைக்காக எடுத்தது. தற்செயலாகச் சிக்கிய காட்சி என்றே உலகம் பல வருடம் நம்பியது. படத்தில் இருப்பது நாங்கள்தான் என்று வேறொரு ஜோடி வழக்குப் போட்ட பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நடிப்புப் படிக்கும் இருவரை வைத்து எடுத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி கதையும் அப்படித்தான். கியூபாவில் எடுத்த அவர் படம் ஒன்றில் போட்டோஷாப் வேலை 2016-இல் அரைகுறையாகத் தெரிந்துபோக, தன்னைப் படங்களால் கதை சொல்பவன் என்று சொல்லிக்கொண்டார். மாட்டிக்கொண்ட பிறகு சொல்கிற பதில்கள் இவை. அதை எனக்கு நியாயமாகச் சொல்கிறார் இந்த மனிதர்.

செட்டப் பண்ணுவதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கல்யாண வீட்டில் "மாப்ள, பொண்ணைப் பாருங்க" என்று சொல்லாத போட்டோகிராபர் உண்டா? அந்தக் கல்யாணப் போட்டோகிராபர் மூன்று விடியல் காத்திருந்ததாக எழுதுவதில்லை. காத்திருக்கச் சொல்லித் தருகிறேன் என்று பணம் வாங்குவதும் இல்லை. அமெரிக்காவின் பெரிய ஸ்ட்ரீட் போட்டோகிராபர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது கழுவாமலே கிடந்தவை சுமார் 2,500 ஃபிலிம் ரோல். தெரு அவ்வளவு கஞ்சத்தனமாகத்தான் படம் கொடுக்கும். இதைச் சொன்னால் வகுப்பு விற்காது போல.

ரீஃபண்ட் கேட்டேன். "பாலிசியில் இல்லை" என்று ஒரு வரி. அன்றே குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

அப்படியானால் அந்தப் பெயர் முழுக்கப் பொய்யா? சொல்லத் தெரியவில்லை. பீச் – தாம்பரம் மின்சார ரயிலில் அவர் எடுத்த பழைய படம் ஒன்றை 4,000 ரூபாய்க்கு வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வாசல் கம்பியைப் பிடித்தபடி, மல்லிகை கலைந்து நிற்கும் ஒரு பெண். அதைப் பார்த்துத்தான் நான் கேமராவே வாங்கினேன். இப்போது அதைக் கடக்கும்போதெல்லாம், "அக்கா, அந்தப் பக்கம் பாருங்க" என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது.

இனிமேல் போகிறவர்கள் முன்பணம் மட்டும் கட்டுங்கள். பேட்சில் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள். அவருடைய பிரபலமான படம் ஒன்றைச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் காத்திருந்து எடுத்தவர் ஆசையாகக் காட்டுவார், வீணாய்ப்போன படங்கள்தானே அவருடைய பெருமை. பழைய மாணவர்களின் பக்கங்களையும் ஒரு நடை பாருங்கள். நான் பிறகு பார்த்தேன். நான்கு பேர் பக்கத்தில் அதே லுங்கி, அதே புகை.

இரண்டு வாரம் கழித்துத் தனியாகக் காசிமேடு போனேன். வலைக்குவியல் பக்கம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"இன்னைக்கு கிளாஸ் இல்லையா சார்?"

இல்லை என்றேன். இரண்டு டீ சொன்னேன். பாதி டம்ளர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "போன ரெண்டு பேட்ச் காசு பாக்கி நிக்குது. அவரைப் பார்த்தா கொஞ்சம் ஞாபகப்படுத்துறீங்களா?"