கிண்டி எஸ்ஏபி-யா, டெல்லி எஸ்பிஏ-வா?

பேரு ஒரே மாதிரி இருக்கறதால நிறைய பேர் குழம்பிக்கறாங்க, ரெண்டுமே ஆர்க்கிடெக்சர் படிக்கற இடம். கிண்டி எஸ்ஏபி (ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்) அண்ணா யுனிவர்சிட்டியோட நாலு கேம்பஸ் காலேஜ்ல ஒண்ணு, டெல்லி எஸ்பிஏ (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) சென்ட்ரல் கவர்மென்ட்டோடது. பெரிய வித்தியாசம் என்ட்ரன்ஸ்லதான். கிண்டிக்கு நாட்டா (ஆர்க்கிடெக்சருக்கான நேஷனல் என்ட்ரன்ஸ்) மார்க்கையும் பிளஸ் டூ மார்க்கையும் சரிபாதியா சேர்த்து ரேங்க் போடுவாங்க. டெல்லிக்கு ஜேஇஇ மெயின் பேப்பர் 2, அதுல பி.ஆர்க்குக்கு (ஆர்க்கிடெக்சர் டிகிரி) டிராயிங் உண்டு, பி.பிளானுக்கு (ஊர், நகரத்தை பிளான் பண்ற டிகிரி) அதுக்குப் பதிலா பிளானிங் கேள்விதான், அதனால வரைய வராதவங்களும் தைரியமா எழுதலாம்.

பி.ஆர்க் ரெண்டு இடத்துலயும் 5 வருஷம்.

என்னைக் கேட்டா, கட்டடம்தான் கனவுன்னா கிண்டி, நம்ம வெயிலையும் வெள்ளத்தையும் நேர்ல பார்த்துட்டே டிசைன் பண்ணலாம், மயிலாப்பூர் மாட வீதி பஸ்ல போற தூரம். ஊரையே பிளான் பண்ணணும்னா டெல்லி, டவுன் பிளானிங் ஸ்கூலையும் சேர்த்து 1959-லயே உருவான இடம் அது.