20 சதவீத யுரேனியத்தை எதில் அனுப்புவது: குட்டி உருளையா, போரான் வைத்த பெரிய உருளையா?

புதிய ரக அணு உலைகள் பலவற்றுக்கு 5 முதல் 20 சதவீதம் வரை செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். அது செறிவூட்டும் ஆலையிலிருந்து யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடாக (யுரேனியமும் ஃபுளூரினும் சேர்ந்த சேர்மம்), எஃகு உருளைகளில் கிளம்புகிறது. இன்னும் உலைக்குள் போகாத யுரேனியம் என்பதால் வழியில் கதிர்வீச்சு பெரிய கவலை இல்லை. எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 (செறிவு என்பது இதன் பங்குதான்) போதுமான அளவில், தோதான வடிவில் தண்ணீரோடு சேர்ந்தால், அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் பிளக்கும் தொடர்வினை தானாகத் தொடங்கிவிடும் என்பதுதான் கவலை.

இதுவரை உலகம் பெரிதும் நம்பியிருப்பது 30பி உருளையை. விட்டம் 76 செ.மீ., கொள்ளளவு 2,277 கிலோ, செறிவு 5 சதவீதத்துக்குள். இவ்வளவு அகலமான பாத்திரத்துக்கு அதன் வடிவம் பாதுகாப்பு தராது. உள்ளே ஈரம் இல்லாததுதான் பாதுகாப்பு. அணுவைப் பிளக்கும் நியூட்ரான்கள் வேகம் தணிந்தால்தான் இந்தச் செறிவில் தொடர்வினை நடக்கும். அதைத் தணிக்க தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் தேவை, 99.5 சதவீதத் தூய்மையுள்ள சரக்கில் அதற்கு அதிக இடம் இல்லை. சர்வதேச அணுசக்தி முகமையின் விதிப்படி, எந்தப் பெட்டிக்கும் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டதாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 5 சதவீதம் வரையிலான ஹெக்சாஃபுளூரைடுக்கு ஒரு விலக்கு உண்டு. அதுவும் சும்மா கிடைக்காது: 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்ட பிறகும் வால்வின் மேல் வேறெந்தப் பாகமும் இடித்திருக்கக் கூடாது, 800 டிகிரி தீயில் அரை மணி நேரம் இருந்த பிறகும் வால்வு கசியக் கூடாது. ஆக, இரண்டு டன் சரக்கின் பாதுகாப்பு கடைசியில் ஒரு வால்வில் வந்து நிற்கிறது. 5 சதவீதத்தைத் தாண்டினால் இந்த விலக்கு கிடையாது.

அப்புறம் என்ன வழி? பழைய வழி, 5பி என்ற குட்டி உருளை. விட்டம் சுமார் 13 செ.மீ.தான். குழாய் இவ்வளவு ஒல்லியாக இருந்தால் நியூட்ரான்கள் அடுத்த அணுவைப் பிளப்பதற்கு முன்பே பக்கவாட்டில் தப்பி வெளியேறிவிடும். அதனால் எந்தச் செறிவையும் இதில் வைக்கலாம். யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, வடிவமே காவல்.

வடிவத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் டோக்கைமுரா காட்டியது. 1999 செப்டம்பர் 30 அன்று, ஜேசிஓ என்ற அணு எரிபொருள் ஆலையில் 18.8 சதவீதம் செறிவூட்டிய யுரேனியக் கரைசலை அனுப்புவதற்காகத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான நெடுங்கலத்தில் ஊற்ற வேண்டியதை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் ஊற்றினார்கள். வரம்பு 2.4 கிலோ, தொட்டியில் சேர்ந்ததோ 16 கிலோவுக்கும் மேல். தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்நீர் உறை தப்பி ஓடிய நியூட்ரான்களை உள்ளேயே திருப்பியனுப்பியது. அந்த நீரை வடித்த பிறகுதான், சுமார் 20 மணி நேரம் கழித்து, தொடர்வினை அடங்கியது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஒல்லிக் கலத்தின் அருமையை இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் 5பி ஒன்றில் 25 கிலோதான் பிடிக்கும். ஒரு உலைக்கு எரிபொருள் தர இது போதாது. ஒவ்வொன்றையும் நிரப்பி, எடைபோட்டு, வால்வைப் பூட்டி, மறுமுனையில் திறக்க வேண்டும். ஒன்றிலிருந்து தப்பும் நியூட்ரான் பக்கத்து உருளைக்குள் போகும் என்பதால் இடைவெளியும் வேண்டும். கை படும் இடம் கூடக்கூடத் தவறுக்கும் வழி கூடும்.

புதிய போட்டியாளர் 30பி-20. வெளியே அதே 30பி அளவு. உள்ளே போரான் கார்பைடு நிரப்பிய தண்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. உலர்வோடு, நியூட்ரானை விழுங்கும் போரானும் காவலுக்கு வருகிறது. 20 சதவீதம் வரை செறிவூட்டிய சரக்கு 1,271 கிலோ பிடிக்கும். 5பி என்றால் 50-க்கும் மேல் வேண்டும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் இதை ஏற்றது.

குறை இல்லாமல் இல்லை. தண்டுகள் உள்ளே நிற்பதால் கழுவுவதும் சோதிப்பதும் வெற்று உருளையைப் போல எளிதல்ல. போரான் சரியான அளவில் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. தயாரிப்பு ஆவணத்தைத்தான் நம்ப வேண்டும்.

சரி, எது மேல்? ஆய்வகத்துக்குச் சில கிலோ போகிறது என்றால் 5பி-தான், யோசிக்கவே வேண்டாம். உலைக்கு டன் கணக்கில் போகிறது என்றால் என் ஓட்டு 30பி-20-க்கு. ஆனால் ஒரு நிபந்தனை: தண்டுகளில் போரான் இருக்கிறது என்பதை மாதிரிக்கு ஒன்றிரண்டில் பார்த்தால் போதாது, ஒவ்வொரு உருளையிலும் தயாரிப்பாளர் அல்லாத ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும்.