உண்டியல் தீர்ந்தால் மீதியை யார் தருவது? குழுக் காப்பீட்டின் மூன்று வடிவங்கள்

உறுப்பினர்களே ஒருவர் இழப்பை ஒருவர் தாங்கும் காப்பீட்டில் சேரப்போகிறவர்கள் முதலில் கேட்பது, க்ளைம் இல்லாவிட்டால் பணம் திரும்புமா என்றுதான். அதைவிடப் பெரிய கேள்வி, குழுவின் பொதுப் பணமான உண்டியல் தீர்ந்தால் மீதியை யார் தருவது என்பது. அதை வைத்துப் பார்த்தால், பின்னால் காப்பீட்டு நிறுவனம் நிற்கும் கலப்பு வடிவத்தையே எடுப்பேன்.

நடந்த இழப்பை எல்லோரும் பங்கிடும் வடிவத்தில் முன்பணமே கிடையாது. சீனாவில் 2018 அக்டோபரில் தொடங்கிய சியாங் ஹு பாவ் என்ற நோய்க்கால உதவித் திட்டம் இந்த வகை. சுமார் ஓராண்டில் 10 கோடி பேர் சேர்ந்தார்கள். 2022 ஜனவரியில் மூடிவிட்டார்கள். இதன் பலவீனம் கணக்கிலேயே இருக்கிறது. 10,000 பேர், தலா 50,000 வீதம் 20 க்ளைம் என்றால் ஆளுக்கு 100. பங்கு ஏறுகிறதே என்று 4,000 பேர் விலகினால், போகிறவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள். க்ளைம் அதே 20, பங்கு 167. அதைப் பார்த்து அடுத்த கூட்டம் கிளம்பும்.

இரண்டாவது வடிவம் நெதர்லாந்தில் 2006 முதல் நடக்கும் பிரோட்ஃபாண்ட்ஸ்; எனக்குப் பிடித்த ஏற்பாடு. சுயதொழில் செய்வோர் 20 முதல் 50 பேர் ஒரு குழு. மாதச் சேமிப்பு அவரவர் கணக்கில். ஒருவர் நோயில் படுத்தால் மற்றவர்கள் சிறு தொகையை அன்பளிப்பாக அனுப்புகிறார்கள், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அதற்குப் பிறகும் எழ முடியாதவருக்கு வேறு காப்பு வேண்டும்.

கலப்பு வடிவத்தை 2010-இல் பெர்லினில் தொடங்கிய ஃபிரெண்ட்ஷூரன்ஸ் பரவலாக்கியது. இழப்பில் உறுப்பினர் தாமே ஏற்கும் வரம்பை உயர்த்தினால் பிரீமியம் இறங்கும். மிச்சமாவது குழு உண்டியலுக்கு. எண்களில் பார்ப்போம்: பத்துப் பேர், ஆளுக்கு 100, அதில் 60 நிறுவனத்துக்கு, 40 உண்டியலுக்கு. உண்டியலில் 400. வரம்பு 150: ஒவ்வொரு இழப்பிலும் அதுவரை உண்டியல் தரும், அதற்கு மேல் நிறுவனம்.

ஒரு ஜன்னல் உடைந்து 90 செலவானால் உண்டியலே தரும்; ஆண்டு முடிவில் ஆளுக்கு 31 திரும்பும். தீ விபத்தில் 5,000 போனால் உண்டியல் 150, நிறுவனம் 4,850. குழு கவிழாது.

சிக்கல் சின்ன இழப்புகள் குவியும் ஆண்டில். 150 வீதம் மூன்று வந்தால் 450. மூன்றாமவருக்கு 50 குறையும். அந்தக் குறையை நிரப்ப நிறுவனத்துக்குப் போகும் பிரீமியத்திலேயே தனி ஏற்பாடு உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். இல்லையென்றால் டிசம்பரில் க்ளைம் செய்பவர் கைக்காசு போட வேண்டும், ஜனவரிக்காரர் தப்பிப்பார்.

தெரிந்தவர்கள் சேர்ந்த குழுவில் பொய் க்ளைம் குறையும் என்பார்கள். நண்பர்களிடையே அந்தக் கூச்சம் வேலை செய்யும். கணினி கோத்துவிட்ட முகம் தெரியாத பத்துப் பேரிடம் அவ்வளவு எதிர்பார்க்க மாட்டேன்.

சேரும் முன் பாலிசியைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது உங்கள் பெயரில் தனி எண்ணோடு, காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். உங்களைக் குழுவில் சேர்த்த செயலியின் பெயர் மட்டும் போதாது. குழு நடுவில் கலைந்தாலும் அந்த பாலிசி ஆண்டு முழுக்க ஓடும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.