செங்கோட்டைக் கயிற்றுக் கடை: பழைய கப்பல்காரன் ஒருவனின் மதிப்பீடு

1973 முதல் 2012 வரை சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் வேலை பார்த்தேன்; கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் போசனாக, அதாவது மேல்தள ஆட்களுக்குத் தலைவனாக இருந்தேன். இப்போது புளியரைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தென்னை, கொஞ்சம் நெல் வயல், இரண்டு மாடுகள் என்று பொழுது போகிறது. அன்றும் இன்றும் என் கையை விட்டு நீங்காத பொருள் கயிறு. அதனால்தான் செங்கோட்டைச் சந்தைக்குப் போகும் வழியில் இருக்கும் பலகையில்லாத இந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே விற்பனைக்கு இருப்பவற்றில் பாதி கையால் திரித்த தேங்காய் நார்க் கயிறு. கடைக்காரரின் மனைவி கொல்லத்துப் பக்கம் பிறந்தவர். நார் அங்கிருந்து வருகிறது. பச்சை மட்டையைக் காயலின் உப்புநீரில் ஆறு முதல் பத்து மாதம் வரை ஊறப்போட்டு, அடித்து எடுக்கும் வெளுத்த நார் அது. காய்ந்த மட்டையை இயந்திரத்தில் உரித்தெடுக்கும் பழுப்பு நாரும் கடையில் உண்டு. எது எதற்கு என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். அந்த அம்மா நாரை மலையாளத்தில் 'சகிரி' என்பார், கணவர் தமிழில் 'தும்பு' என்பார். வாங்க வருகிறவர்களுக்கு இரண்டும் புரியும். நான் பிறந்த 1954இல் செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சி என்ற மலையாள மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தக் கலப்பு இன்னும் போகவில்லை.

கயிற்றின் தரத்தை நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் நீளத்தை இரு கைகளிலும் பிடித்து, முறுக்குக்கு எதிராகத் திருகினால் மூன்று புரிகளும் வாய் திறக்கும். அப்போது உள்ளே இருந்து தூள் கொட்டினால் நார் சரியாகச் சுத்தமாகவில்லை என்று பொருள். கையை எடுத்தவுடன் புரிகள் தாமாகவே மூடிக்கொண்டால் முறுக்கு சரியாக இருக்கிறது. இந்தக் கடையில் ஆறு ஆண்டுகளாக வாங்குகிறேன்; வெளுத்த நார்க் கயிறு இந்தச் சோதனையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்தப் பழக்கம் எனக்குக் கடலில் வந்தது. 1967இல் மூடப்பட்ட சூயஸ் கால்வாய் 1975இல்தான் மீண்டும் திறந்தது என்பதால், என் முதல் பயணங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே நடந்தன. அங்கே ஒரு குளிர்கால இரவில், அலை முழங்காலுக்கு மேல் புரண்டு ஓட, தளத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த மணிலாக் கயிற்றை (ஒருவகை வாழைநாரில் திரித்தது) மட்டுமே பிடித்துக்கொண்டு நானும் இன்னொருவரும் கப்பலின் முன்பகுதிக்குப் போய்த் திரும்பினோம். அந்தக் கயிற்றை மாலையில் ஒவ்வொரு முழமாகத் தடவிப் பார்த்த பழைய போசனை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பிறகு நைலான் வந்தது. பலமானதுதான்; ஆனால் இழுவையில் நீண்டு, அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும். துறைமுகம் ஒன்றில் அப்படி அறுந்த கட்டுக்கயிறு என் கூட்டாளி ஒருவரின் காலை முறித்ததை நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு, இறுகி நிற்கும் கயிற்றின் நேர்க்கோட்டில் நான் நின்றதே இல்லை; என் தோப்பில் மரம் இழுக்கும்போதும் ஆட்களை அங்கே நிற்க விடுவதில்லை.

ஆகவே, கிணற்றுக்கு நீங்கள் வாங்க வேண்டியது கட்டைவிரல் பருமனுள்ள வெளுத்த நார்க் கயிறு. நனைந்தாலும் கைக்குப் பிடி கொடுக்கும். பிளாஸ்டிக் கயிறுபோல உள்ளங்கையை அறுக்காது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் கயிறு ஒன்றிரண்டு கோடையிலேயே பொடிந்துபோவதையும் கணக்கில் கொள்ளுங்கள். மாட்டுக்குத் தலைக்கயிறாகப் பருத்திக் கயிறே நல்லது, நார் கழுத்தில் உராயும். இதைக் கடைக்காரரே என்னிடம் சொல்லி, கையில் எடுத்த நார்க் கயிற்றைத் திரும்ப வாங்கி வைத்தார். "அண்ணாச்சி, மாட்டுக்கு இது வேண்டாம், புண்ணாயிரும்" என்று சொல்லி விற்பனையை விட்டுக்கொடுக்கும் கடைகள் எத்தனை இருக்கின்றன?

விலை மற்றக் கடைகளைவிடக் கால் பங்கு கூடுதல். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குறை வேறு. கயிற்றை எடைக்கு விற்கிறார்கள். ஆனி, ஆடியில் சாரல் விழும்போது கயிறு ஈரம் குடித்துக் கனத்துவிடும். போன சாரலில் வாங்கிய கயிற்றை வீட்டில் நான்கு நாள் காயவைத்து மீண்டும் நிறுத்தேன். கிலோவுக்கு நூறு கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. கடைக்காரரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, மாற்றவும் இல்லை. அவரிடமே அளவுக்கு வழி இருக்கிறது: கையை விரித்துப் பாகம் பாகமாக அளந்து கொடுப்பார். கப்பலுக்கு வரும் ஒரு சுருள் கயிறும் 120 பாகம்தான், அதாவது ஏறக்குறைய 220 மீட்டர். மழைக்காலத்தில் போகிறவர்கள் பாகக் கணக்கில் விலை பேசி வாங்குங்கள்.

இன்னொன்று, முனைக்கட்டு. சணலால் இரண்டு சுற்றுச் சுற்றி விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் புரி பிரிந்துவிடுகிறது. சென்ற ஆண்டு கடையில் உட்கார்ந்து, அங்கே வேலை பார்க்கும் பையனுக்கு முனையில் கண்ணி பின்னக் கற்றுக்கொடுத்தேன். புரிகளைப் பிரித்து, கயிற்றை வளைத்து, ஒவ்வொரு புரியையும் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செருகி இறுக்க வேண்டும். நார்க் கயிற்றுக்கு மூன்று சுற்றுப் போதும், நைலான் வழுக்கும் என்பதால் ஐந்து. முதல் நாள் அவன் செருகியது எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. இப்போது கேட்டால் கிணற்றுக் கயிற்றுக்குக் கண்ணி பின்னித் தருகிறான், தனிக் கூலி கிடையாது. என் கிணற்று வாளி போன தைமாதத்திலிருந்து அவன் பின்னிய கண்ணியில்தான் தொங்குகிறது.