தினம் ஒரு தாள்: தினசரி நாள்காட்டியுடன் ஓர் ஆண்டு

2024 டிசம்பர் கடைசி வாரத்தில், மதுரையில் எங்கள் தெருமுனையில் உள்ள எழுதுபொருள் கடையில் 130 ரூபாய் கொடுத்து ஒரு தினசரி நாள்காட்டி வாங்கினேன். மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் இனாமாகக் கிடைக்கும் பொருளைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று வீட்டில் கேட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் நான் அதிகம் சொன்ன சொல் "நேரமே இல்லை" என்பதாகத்தான் இருக்க வேண்டும். அதைவிட வருத்தம் தந்தது வேறொன்று: கழிந்த பன்னிரண்டு மாதங்களைத் திரும்பிப் பார்த்தபோது, நான்கைந்து நாட்கள் நீங்கலாக மற்றவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நாளைப் போலத் தெரிந்தன. கைப்பேசியில் நாள்காட்டியும் நினைவூட்டல்களும் இருந்தும், ஒரு நாள் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று கண்முன் காட்டும் பொருள் ஏதும் என் வீட்டில் இல்லை. 2025 முழுவதும் அந்த நாள்காட்டியோடு பழகிய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாமி படம் அச்சிட்ட கெட்டி அட்டை, அதன் கீழ்ப்பகுதியில் தகரப் பட்டையால் இறுக்கப்பட்ட 365 தாள்கள், மேலே ஆணியில் மாட்ட ஒரு துளை. சிவகாசியில் ஆடிப் பெருக்கன்று பூசை போட்டு அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. நம் சுவருக்கு வரும் ஜனவரி மாதம் அங்கே ஆகஸ்டிலேயே பிறந்துவிடுகிறது. நான் கிழித்த முதல் தாளில் பெரிய எழுத்தில் 1, அதன் அருகே மார்கழி 17, குரோதி வருடம், புதன்கிழமை, நல்ல நேரம், ராகு காலம், குளிகை, எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் என்று உள்ளங்கை அளவு தாளில் ஒரு நாளின் முழு வரைபடமும் இருந்தது.

தாளைக் கிழிப்பதுதான் இந்தப் பொருளின் முதற்பயன் என்பது இரண்டாவது வாரத்தில்தான் புரிந்தது. காலையில் பல் துலக்கிவிட்டு, காப்பி வருவதற்கு முன், நேற்றைய தாளைக் கிழிக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். கிழித்ததை உடனே கசக்கி எறிவதில்லை. அதன் பின்பக்கத்தில், நேற்று நடந்தவற்றில் மறக்கக் கூடாத ஒன்றை ஒரே வரியில் எழுதிவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவேன். "அத்தை வந்தார், சுண்டைக்காய் வற்றல் கொடுத்தார்", "மழையில் பேருந்து நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன்", "பக்கத்து வீட்டுப் பிள்ளை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டான்" என்று சின்னச் சின்ன வரிகள். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைத் திறந்து படித்தபோது, ஆறு மாதங்கள் உண்மையிலேயே ஆறு மாதங்களாகத் தெரிந்தன. கழிந்த காலம் நீளமாகத் தோன்றுவதும் குறுகித் தோன்றுவதும், அதில் தனித்து நினைவிருக்கும் நாட்கள் எத்தனை என்பதைப் பொறுத்தே அமைகிறது என்று எனக்கு அப்போது உறுதியாகப் பட்டது. ஒரே மாதிரியான நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்துவிடுகின்றன. ஒரு வரி எழுதிய நாள் அப்படி மடிவதில்லை.

நான் எதிர்பாராமல் கிடைத்த பெரும்பயன் ராகு காலத்தால் வந்தது. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வாய்ப்பாட்டைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். திங்கள் 7.30, சனி 9.00, வெள்ளி 10.30, புதன் 12.00, வியாழன் 1.30, செவ்வாய் 3.00, ஞாயிறு 4.30 என்று அதன் முதலெழுத்துகள் வரிசையாகத் தொடக்க நேரத்தைக் காட்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரலாம் என்பது வழக்கம். சோதிட நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை, இருப்பவர்களோடு வாதிடும் எண்ணமும் இல்லை. ஆனால் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டேன்: ராகு காலத்தில் புதிய வேலை எதையும் தொடுவதில்லை, பாதியில் நிற்பதை மட்டும் முடிப்பது. பதில் போடாத கடிதம், பாதி தைத்த ரவிக்கை, இரண்டு பக்கம் மீதமிருக்கும் அலுவலக அறிக்கை என்று மனதின் ஓரத்தில் அரித்துக்கொண்டிருந்தவை எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழிந்தன. நேரம் இல்லை என்ற உணர்வில் பெரும்பகுதி, முடிக்காமல் விட்டவற்றின் சுமையாகவே எனக்கு இருந்திருக்கிறது. நேரம் கிழமைக்குக் கிழமை மாறுவதும் நல்லதாயிற்று. திங்கட்கிழமை அது வீட்டு வேலைகளில் விழும், செவ்வாயன்று அலுவலகக் கோப்புகளில் விழும், ஞாயிறு மாலை அலமாரியில் விழும்.

ராகு காலம் ஏன் சரியாக ஒன்றரை மணி நேரம் என்று தேடப்போய் நாழிகைக் கணக்குக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பகலின் 30 நாழிகையை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். இந்த அளவை என் நாளுக்குப் போட்டுப் பார்த்தேன். உறக்கத்துக்கு 18 நாழிகை, அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் 25 நாழிகை போக, 17 நாழிகை என் கையில் இருந்தது. ஏறக்குறைய ஏழு மணி நேரம் என்று சொன்னால் சமையலிலும் கைப்பேசியிலும் கரைந்துவிடும் ஒரு தொகையாகத் தோன்றுவது, 17 என்று எண்ணக்கூடிய நாணயங்களாக மாறியபோது செலவழிக்கும் முறையே மாறிவிட்டது. இப்போது காலையில் ஒரு நாழிகை நடை, இரவில் ஒரு நாழிகை வாசிப்பு. 24 நிமிடம் எந்த வேலையையும் தொடங்கத் தயங்கவைக்காத அளவு. ஒரு வேலை உருப்படியாக நகரவும் அது போதுமானது.

இனி குறைகள். நான் வாங்கிய நாள்காட்டியில் தாள்களைச் சேர்த்திருந்த பசை சரியில்லை. ஆகஸ்ட் நடுவில் ஒரு தாளைக் கிழிக்கும்போது செப்டம்பரின் பாதி கையோடு வந்தது. அதன்பிறகு ஒரு கறுப்புக் கவ்வியைப் போட்டுத்தான் ஆண்டை ஓட்டினேன். தாள் மெலிது, பேனா மை மறுபக்கம் தெரியும், பென்சிலே நல்லது. திதி, நட்சத்திரம் முடியும் நேரங்கள் மிகச் சிறிய எழுத்தில் இருப்பதால் கண்ணாடி இல்லாமல் அம்மாவால் படிக்க முடியவில்லை. அந்த நேரங்களைப் பார்த்துச் சடங்குகள் செய்பவர்கள், நாள்காட்டி பழைய வாய்ப்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைத் தழுவியதா, இன்றைய வானியல் கணக்கைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கத்தைத் தழுவியதா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு வரும். ராகு காலமும் சூரியன் 6 மணிக்கு உதிப்பதாகக் கொண்ட பொதுக் கணக்குதான்.

மாதக் காலண்டரையும் பயன்படுத்தியிருக்கிறேன். பால் கணக்குக்கும் சிலிண்டர் வந்த தேதிக்கும் அதன் கட்டங்களே ஏற்றவை. முப்பது நாட்களையும் ஒரே பார்வையில் காட்டுவதால் திட்டமிடவும் உதவும். ஆனால் அதில் இன்றைய நாள் முப்பதில் ஒன்றாகச் சிறுத்துத் தெரிகிறது. தினசரித் தாளில் இன்று என்பது சுவர் முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் வீட்டில் இப்போது சமையலறையில் மாதக் காலண்டர், கூடத்தில் தினசரி என்று இரண்டுமே இருக்கின்றன.

வாங்குபவர்கள் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் ராசிபலனும் வீட்டுக் குறிப்புகளும் பின்பக்கத்தை நிறைத்துவிடுகின்றன, எழுத இடமிருக்காது. கடைசி இருபது தாள்களை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள், பசையின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். இந்த டிசம்பரில் நான் அப்படி இழுத்துப் பார்த்து, பின்பக்கம் வெறுமையாக உள்ள, கொஞ்சம் பெரிய அளவு நாள்காட்டி ஒன்றை 160 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். ஆணி பழையதுதான், பிஸ்கட் டப்பா மட்டும் புதிது.